எம்ஓயு போட்டால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு ஆராய்ச்சி நடந்துவிடுமா?

"எங்கள் கல்லூரி வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டு ஆராய்ச்சி, மாணவர் பரிமாற்றம் எல்லாம் ஏற்படுத்த விரும்புகிறது, எம்ஓயு என்னும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் ஆரம்பித்தால் சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் பணியில் சேர்ந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருக்கும். துறைக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த உங்கள் தலையில் இந்த வேலையைக் கட்டியிருப்பார்கள். என் தலையில் கட்டியதும் அப்படித்தான்.

நான் நுண்ணுயிரியல் வாத்தியார், இப்போது ஓய்வு. எங்கள் கல்லூரி 2012-இல் ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகத்தோடு எம்ஓயு போட்டது. குத்துவிளக்கு, பொன்னாடை, ஏலக்காய் மாலை, எல்லாம் உண்டு. வந்த நான்கு பேரும் இரண்டு மணி நேரம் இருந்தார்கள், அப்புறம் கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். அந்த நான்கு பக்கத்தை முழுதாகப் படித்தவன் கல்லூரியில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். "வாய்ப்புகளை இரு தரப்பும் ஆராயும்" என்று எழுதியிருந்தது. கடைசிக்கு முந்திய பத்தியில் "இதனால் யாருக்கும் நிதிப் பொறுப்பு கிடையாது" என்றும் இருந்தது. பெரும்பாலான எம்ஓயு இந்த வார்ப்புதான். ஐந்து வருடம் கழித்து அது காலாவதியானபோது யாரும் கவனிக்கவில்லை, கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவுக்கு ஃபைல் தயாரிக்கும்வரை. நாக் மதிப்பீட்டில் "செயல்பாட்டில் உள்ள" ஒப்பந்தங்களின் எண்ணிக்கைக்குத் தனியாக மதிப்பெண் உண்டு. கல்லூரிகள் ஏன் எம்ஓயு சேர்க்கின்றன என்பதற்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

இதற்கு நடுவில் உண்மையான கூட்டு ஆராய்ச்சி ஒன்று நடந்தது, அந்த எம்ஓயுவுக்குச் சம்பந்தமே இல்லாமல். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு விளையும் நேரத்தில் பாத்தித் தண்ணீர் சிவந்து கிடக்குமே, பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்துக்குக் காரணமான உப்பு விரும்பி நுண்ணுயிர்களில்தான் என்னிடம் ஒரு பெண் பிஎச்டி செய்துகொண்டிருந்தாள். அவள் பிரித்தெடுத்த ஒன்றின் மரபணு வரிசை எதோடும் சரியாகப் பொருந்தவில்லை. இந்த வகையைப் பற்றி நிறைய எழுதிய பேராசிரியர் ஒருவர் ஜெர்மனியில், வேறொரு பல்கலைக்கழகத்தில் இருந்தார். "சார், அவருக்கு ஒரு மெயில் போட்டுப் பார்க்கட்டுமா?" என்றாள். "பதில் வராதும்மா, போட்டுப் பார்" என்றேன். நான்கே நாளில் பதில் வந்தது. அந்த நுண்ணுயிர் வளர்ப்பைக் குப்பியில் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

அனுப்ப முடியாது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தில் நுண்ணுயிரும் உயிரியல் வளம்தான். வெளிநாட்டவர் கைக்குப் போக வேண்டுமானால் சென்னை தரமணியில் இருக்கும் தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் அனுமதி வேண்டும், இல்லையென்றால் மத்திய அரசு ஒப்புதல் தந்த கூட்டுத் திட்டமாக இருக்க வேண்டும். விஷயம் தெரியாமல் குப்பியைக் கூரியரில் போட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். வளர்ப்பும் சோதனைகளும் இங்கே, தரவை அலசுவது இருவரும் சேர்ந்து. அப்புறம் அவள் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தரும் உதவித்தொகையில் ஒரு வருடம் அங்கே போய் வந்தாள். கட்டுரைகள் வந்தன. எங்களிடம் உப்பளம் இருந்தது, அவரிடம் அதை அலசத் தெரிந்த ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

உடனே "ஒரு கல்லூரிக் கதையை வைத்து எம்ஓயுவே வீண் என்கிறாயா" என்று கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. மாணவர் கட்டணம், காப்புரிமை, யார் பெயர் முதலில் என்று வரும்போது எழுத்தில் இல்லாமல் எதுவும் நகராது. சென்னை ஐஐடியே 1959-இல் பான் நகரில் இந்தியாவும் மேற்கு ஜெர்மனியும் போட்ட ஒப்பந்தத்தில் பிறந்ததுதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தோடு கருவிகள் வந்தன, ஜெர்மன் பேராசிரியர்கள் வந்து தங்கினார்கள், நம் ஆட்கள் அங்கே போய்ப் பயிற்சி பெற்றார்கள். கான்பூர் ஐஐடிக்கு 1962 முதல் பத்து வருடம் ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆள் அனுப்பின. ஆளும் காசும் பேசி வைத்த ஒப்பந்தங்கள் அவை.

பட்டம் சம்பந்தப்பட்டதென்றால் கதை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகள்படி ட்வின்னிங் (படிப்பில் ஒரு பகுதியை வெளிநாட்டில் படிப்பது), கூட்டுப் பட்டம் (இருவரும் சேர்ந்து ஒரே பட்டம்), இரட்டைப் பட்டம் (இருவரும் தனித்தனிப் பட்டம்) மூன்றுக்கும் தகுதி வரம்பு இருக்கிறது. யுஜிசியிடம் தனியாக அனுமதி கேட்டுப் போகாமல் செய்ய நாக்கில் நான்குக்குக் குறைந்தது 3.01, இல்லையென்றால் மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100 மாதிரி ஏதாவது வேண்டும். எதிர்த் தரப்பு டைம்ஸ் அல்லது க்யூஎஸ் உலகத் தரவரிசையில் முதல் 1000-க்குள் இருக்க வேண்டும். பெயரை மட்டும் வாடகைக்கு எடுக்கும் ஃபிரான்சைஸ் ஏற்பாட்டுக்கு அனுமதி கிடையாது. முதல்வர் அறையில் இதைச் சொல்லிவிடுங்கள், பிற்பாடு உங்களைக் கேட்பார்கள்.

இன்னொன்று, கேட்காததைச் சொல்கிறேன். ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அவருக்கு வகுப்பு முடிந்து அப்போது இருந்த ஸ்கைப்பில் உட்கார நமக்கு இரவு ஏழு, எட்டு ஆகிவிடும். அந்தக் காலத்தில்தான் எங்கள் கல்லூரியில் பயோமெட்ரிக் வைத்தார்கள். இரவு ஒன்பதரை வரை லேபில் இருந்துவிட்டு மறுநாள் காலை பதினொரு நிமிடம் தாமதமாக விரலை வைத்தேன், அரை நாள் சி.எல். (தற்செயல் விடுப்பு) போச்சு. இப்படி ஒரே வருடத்தில் ஆறு தடவை. அலுவலகத்தில் கேட்டதற்கு "மெஷினுக்கு ஜெர்மனி தெரியாது சார்" என்றார் கிளார்க். நாக் குழு வந்தபோது பவர்பாயிண்ட்டில் முதல் ஸ்லைடே எங்கள் ஜெர்மன் கூட்டாய்வுதான்!

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நூறு பல்கலைக்கழகங்களின் சர்வதேசப் பிரிவுக்கு ஒரே மெயிலை அனுப்பாதீர்கள், யாரும் திறக்க மாட்டார்கள். உங்கள் துறையில் வேறெங்கும் கிடைக்காத பொருள், இடம், தரவு என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதைப் பற்றிக் கடைசி ஐந்து வருடத்தில் எழுதியவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அவர்களுடைய கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதுங்கள். மெயிலை நீங்களே எழுத வேண்டாம், உங்களிடம் பிஎச்டி செய்யும் ஸ்காலரை எழுதச் சொல்லுங்கள். எங்களுக்குப் பதில் வந்தது அவள் எழுதியதற்குத்தான். அதற்கு முந்திய வருடம் இன்னொரு விஷயமாக அதே பேராசிரியருக்கு நான் எழுதியிருந்தேன், பதிலே வரவில்லை.