வாசகர் கேள்வி: நானோ பொருள் பழசானால் எங்கே போகிறது?

போன இதழில் நானோ பொருள்கள் (கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள்களைக் கொண்டு செய்பவை) பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஒரே கவலைதான்: பயன்படுத்துவது சரி, பழசானால் இதெல்லாம் என்ன ஆகும்? அதனால் இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: எங்கள் யூனிட்டில் துணிக்கு ‘நானோ சில்வர்’ ஃபினிஷ் கொடுக்கிறோம். ஐம்பது சலவை தாங்கும் என்று வாங்குகிறவர்களிடம் சொல்கிறார்கள். உண்மையில் எவ்வளவு நாள் நிற்கும்? துவைக்கும்போது போகும் வெள்ளியைத் திரும்ப எடுக்க முடியாதா? (திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்)

எத்தனை சலவை என்பது வெள்ளியை எப்படி ஏற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. பாலியஸ்டராக இருந்தால் நூல் இழுப்பதற்கு முன்பே உருக்கிய பிளாஸ்டிக்கில் வெள்ளியைக் கலந்துவிடலாம், அது இழைக்கு உள்ளேயே இருப்பதால் மெதுவாகத்தான் கசியும். பருத்திக்கு அந்த வழி இல்லை. ஸ்டென்டருக்கு (துணியை விரித்துச் சூடேற்றும் இயந்திரம்) முன்னால் இருக்கும் தொட்டியில் வெள்ளிக் கரைசலில் முக்கி, உருளையில் பிழிந்து, சூட்டில் பிடிக்கவைக்கிறீர்கள். வெள்ளி இழையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அதைப் பிடித்து வைத்திருப்பது பைண்டர் என்ற பசை மட்டுமே. 2008-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கடையில் விற்ற வெள்ளி சாக்ஸ்களை வாங்கித் துவைத்துப் பார்த்தார்கள். சிலவற்றில் சில சலவையிலேயே வெள்ளி கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது, சிலவற்றில் பெரிதாகப் போகவே இல்லை. எல்லாமே ‘வெள்ளி சாக்ஸ்’ என்று விற்ற சரக்குதான். ஆகவே ‘ஐம்பது சலவை’ என்று யாராவது சொன்னால், எந்தச் சோதனை, எந்த சோப்பு, எத்தனை டிகிரி தண்ணீர் என்று கேளுங்கள்.

துவைக்கும்போது கழன்ற வெள்ளி சாக்கடையோடு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே கந்தகத்தோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு ஆகிறது, அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, பெரும்பகுதி சேற்றில் தங்கிவிடும். ஆற்றுக்குப் போவதைவிட இது நல்லதுதான். ஆனால் டன் கணக்கான சேற்றில் கிராம் கணக்கில் கிடக்கும் வெள்ளியை எடுக்க யாரும் முன்வர மாட்டார்கள், கட்டுப்படியாகாது. உங்கள் ஊர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் சேறு சிமென்ட் ஆலைகளுக்கும் எரிக்கப் போகிறது. அங்கே போனால் வெள்ளி சிமென்ட்டோடு சிமென்ட்டாகிவிடும்.

திரும்ப எடுக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது உங்கள் தொட்டி. லாட் முடிந்ததும் அடியில் மிஞ்சும் கரைசலில்தான் வெள்ளி அடர்த்தியாக இருக்கும். பல இடங்களில் அதைத் திறந்துவிட்டு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறார்கள், அந்த நிமிடத்திலேயே அது மீட்க முடியாத அளவுக்கு நீர்த்துப் போகிறது. தனி டிரம்மில் பிடித்து வைத்தால் வெள்ளியைப் படியவைத்துப் பிரிக்கலாம். ஃபிலிம் கேமரா காலத்தில் போட்டோ லேப்களில் பழைய ஹைப்போ கரைசலை வாங்கிப் போய் வெள்ளி எடுத்தவர்களை ஞாபகம் இருக்கும், அதே வேலைதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தீப்புண்ணுக்குக் கட்டும் துணியில் வெள்ளிக்கு வேலை இருக்கிறது. தினமும் துவைத்து வெயிலில் காயப்போடும் பனியனுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

கேள்வி: டயரில் நானோ இருக்கிறது என்று கட்டுரையில் இருந்தது. எங்கள் பக்கத்தில் பழைய டயரைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன, வீட்டுத் திண்ணையெல்லாம் கறுப்புத் தூள். அதுவும் நானோவா? (கும்மிடிப்பூண்டி அருகே இருந்து ஒரு வாசகி)

டயரைக் கறுப்பாக்குவதும் தேயாமல் காப்பாற்றுவதும் கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூள். டயரின் எடையில் ஏறக்குறைய கால்வாசி அதுதான். அதன் அடிப்படைத் துகள் சில பத்து நானோமீட்டர்தான் (ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்), 100-க்குக் கீழே இருந்தால் நானோ என்பது பொதுவான கணக்கு. உலகம் முழுக்க ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் தயாராகிறது. நானோ என்ற சொல் பிரபலமாவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே இது தொழிற்சாலைகளில் இருக்கிறது. இதற்குத் துணையாக 1990-களிலிருந்து சிலிக்காவும் சேர்ந்துகொண்டது, எரிபொருள் மிச்சமாகும் என்று.

இந்தத் துகள்கள் தனித்தனியாக இருப்பதில்லை, திராட்சைக் கொத்துப் போல ஒட்டிக்கொண்டு, ரப்பருக்குள் இறுகப் பிணைந்திருக்கும். ஓடும் டயரில் அது பத்திரமாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் எண்ணெய் எடுக்கும் ஆலை (பைராலிசிஸ் ஆலை என்பார்கள்) செய்வது அந்தப் பிணைப்பை உடைப்பது: காற்று புகாத உருளையில் டயரை 400, 500 டிகிரிக்குச் சூடாக்கினால் ரப்பர் எண்ணெயாகவும் வாயுவாகவும் பிரிந்து போகிறது, கம்பியும் கரியும் அடியில் மிஞ்சுகின்றன. எண்ணெய் குழாய் வழியாகப் போகிறது, அதனால் தூள் பறக்காது. கரியை வெளியே எடுக்கும்போதுதான் எல்லாம் நடக்கிறது. முழுக்க ஆறுவதற்கு முன் கதவைத் திறப்பது, மண்வெட்டியால் வாரிச் சாக்கில் போடுவது, சாக்கைத் தட்டித் தட்டிக் கட்டுவது. உங்கள் திண்ணையில் படிவது அங்கிருந்து கிளம்புவதாகத்தான் இருக்கும். அதில் பெரும்பகுதி ஒன்றோடொன்று ஒட்டிய கட்டிகள், தனி நானோ துகள்கள் அல்ல. ஆனால் அதை நினைத்து ஆறுதல் அடைய வேண்டாம். அரைகுறையாக வெந்த கரியில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய எண்ணெய்ச் சேர்மங்களும் ஒட்டியிருக்கும். சுத்தமான கார்பன் பிளாக்கையே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம்’ என்ற பட்டியலில் வைத்திருக்கிறது.

இந்தக் கரியை மறுபடி டயருக்குப் போட முடியாதா என்று கேட்பீர்கள். அப்படியே முடியாது. சிலிக்கா, துத்தநாக ஆக்சைடு எல்லாம் சாம்பலாக அதிலேயே கலந்திருக்கும், பல ரகக் கார்பன் பிளாக்கும் ஒன்றாகக் கலந்துவிட்டிருக்கும், துகளின் மேற்பரப்பில் வேறு கரி படிந்திருக்கும். ரப்பரோடு பிடிப்பதே அந்த மேற்பரப்புதான் என்பதால் பலம் குறைந்துவிடுகிறது. நன்றாக அரைத்துச் சுத்தம் செய்தால் கன்வேயர் பெல்ட், ரப்பர் விரிப்பு, செருப்பு அடிப்பாகம் போன்றவற்றுக்கு ஆகும். 2022-ல் வந்த விதிகளின்படி டயர் தயாரிக்கிறவர்களும் இறக்குமதி செய்கிறவர்களும் பழைய டயரின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும், மீட்டெடுத்த கார்பன் பிளாக்கும் அதில் கணக்காகும். விதி நல்லதுதான். கரியை மூடிய குழாயில், ஆறவைத்து, ஈரப்படுத்தி எடுக்கும் ஆலையையும் சாக்கில் வாரும் ஆலையையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம். நீங்கள் தூளை ஃபோட்டோ எடுத்து, தேதியும் நேரமும் போட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். திண்ணையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

கேள்வி: நானோ பொருளை முழுதாக மறுசுழற்சி செய்யும் தொழில் ஒன்றாவது இருக்கிறதா? (மதுரை, கல்லூரி மாணவி)

இருக்கிறது, உங்கள் வீட்டு வண்டியின் புகைக்குழாயிலேயே. அங்கே புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைப் பிரித்தால் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி இருக்கும், அதன் சுவர்களில் அலுமினாப் பூச்சு, அந்தப் பூச்சில் சில நானோமீட்டர் அளவில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். இருப்பது சில கிராம்தான், ஆனால் விலை அப்படி. அதனால் பழைய கன்வர்ட்டருக்குப் போட்டி போட்டு விலை வைக்கிறார்கள், திருடவும் செய்கிறார்கள். உடைத்துப் பொடியாக்கி, இரும்பு அல்லது செம்போடு சேர்த்து 1,500 டிகிரிக்கு மேல் உருக்கினால் விலையுயர்ந்த உலோகங்கள் அந்த உருக்கில் இறங்கிவிடும், அப்புறம் அமிலத்தில் பிரித்து எடுப்பார்கள்.

‘முழுதாக’ என்று கேட்டிருக்கிறீர்கள், அதனால் ஒரு விஷயம். இங்கே திரும்பக் கிடைப்பது பிளாட்டினம் என்ற உலோகம். அந்த நானோ வடிவம் உலையில் அழிந்துவிட்டது, அதைத் திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டும். பெரும்பாலான நானோ மறுசுழற்சியில் நடப்பது இதுதான். ஆகவே தனிமத்துக்கு விலை இருந்தால் ஆள் வருவார்கள், வடிவத்துக்கு மட்டுமே விலை என்றால் வர மாட்டார்கள். கார்பன் நானோ குழாய் (கார்பன் அணுக்களால் ஆன மிக மெல்லிய குழாய்) அதற்கு நல்ல உதாரணம். லித்தியம் பேட்டரியின் கேத்தோடில் (பாசிட்டிவ் முனை) மின்சாரம் சுலபமாக ஓட அதை ஒரு சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்க்கிறார்கள். செய்வதற்கு நிறையச் செலவு. பேட்டரி பழசாகி மறுசுழற்சிக்குப் போனால் அது வெறும் கார்பன், உலையில் எரிந்துவிடும், அல்லது அமிலத்தில் நிக்கல், கோபால்ட், லித்தியம் கரைந்த பிறகு வடிகட்டியில் கறுப்புக் கசடாக நிற்கும்.

வடிவம் அழியாமல் திரும்ப எடுக்கவும் வழி உண்டு. 2006-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நானோ அளவு இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் போட்டு ஆர்செனிக்கைப் பிடிக்கவைத்து, பிறகு காந்தத்தாலேயே இழுத்து எடுத்துக் காட்டினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் வேறு வழியில் போனார்கள், நானோ துகளைப் பொடியாகவே விடாமல் சிறு மணிகளுக்குள் பிணைத்துவிட்டார்கள். மணியை வடிகட்டியிலிருந்து கொட்டி எடுத்துவிடலாம். முதலிலேயே இப்படி யோசித்துச் செய்த பொருளைத்தான் பிற்பாடு யாராவது கையாள முடியும்.

கேள்வி: குப்பையோடு எரித்தால் நானோ துகள் புகையோடு காற்றில் போய்விடாதா? (சேலம்)

சுவிட்சர்லாந்தில் சோலதூர்ன் பக்கத்தில் உள்ள ஒரு நகராட்சிக் குப்பை எரிப்பு ஆலையில் இதைச் சோதித்தார்கள். 10 கிலோ நானோ சீரியம் ஆக்சைடைப் போட்டு எரித்து எங்கே போகிறது என்று தேடினார்கள், முடிவு 2012-ல் வெளிவந்தது. புகைபோக்கி வழியாகக் குறிப்பிடும்படி எதுவும் போகவில்லை, கிட்டத்தட்ட எல்லாமே அடிச்சாம்பலிலும் வடிகட்டியில் நின்ற சாம்பலிலும் இருந்தது. ஆனால் அது நல்ல வடிகட்டிகள் உள்ள ஆலை. நம் ஊரில் தெருமுனையில் கொளுத்தும் குப்பைக்கு இதைச் சான்றாகக் காட்டக் கூடாது. தவிர, அந்தச் சாம்பலில் சீரியம் ஆக்சைடு அப்படியேதான் இருந்தது. சாம்பலைக் கொட்டுகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

கேள்வி: என் மகன் ஓசூரில் ஒரு பட்டறையில் கார்பன் நானோ குழாய் கலந்த எபாக்ஸிப் (கெட்டியாக இறுகும் பிசின்) பாகங்கள் செய்கிறான். பொடியை எடை போடுவதும் அவன்தான், முடிந்த பாகத்தைத் தேய்ப்பதும் அவன்தான். துகள் ரொம்பச் சின்னது, மாஸ்க் போட்டாலும் பயன் இல்லை என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்களாம். (ஒரு தாய்)

அம்மா, மாஸ்க் பயன் இல்லை என்பது தவறு. மிகச் சின்னத் துகள் காற்றில் நேராகப் போகாது, தாறுமாறாக அலைந்துகொண்டே இருக்கும், அதனால் மாஸ்க்கின் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். நல்ல என்95 அதைப் பிடிக்கும். ஆபத்து ஓரத்தில் விழும் இடைவெளிதான். தாடி இருந்தால், வளையம் தளர்ந்திருந்தால், காற்று அந்த வழியாகப் போய்விடும். துணி மாஸ்க்கும் மருத்துவமனை நீல மாஸ்க்கும் இதற்கு ஆகாது.

அவன் செய்யும் இரண்டு வேலையில் எடை போடுவதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். தேய்க்கும்போது வரும் தூசியில் குழாய்கள் பெரும்பாலும் எபாக்ஸித் துணுக்குக்குள் சிக்கியே இருக்கும், பொடியில் அப்படி இல்லை. நீளமான, விறைப்பான குழாய்கள் எலிகளில் ஆஸ்பெஸ்டாஸ் போலவே பாதிப்பை உண்டாக்கியதாக 2008-ல் வந்த ஆய்வு சொன்னது. அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது, அவ்வளவு குறைவு. கண்ணுக்குத் தூசியே தெரியாத காற்றிலும் அதைத் தாண்டியிருக்கலாம்.

அவன் முதலாளியிடம் கேட்க வேண்டியவை: பொடியை உறிஞ்சு காற்றுள்ள மூடிய பெட்டிக்குள் எடை போட ஏற்பாடு, முடிந்தால் பொடிக்குப் பதில் ஏற்கெனவே பிசினில் கலந்து வரும் சரக்கு, தேய்க்கும்போது தண்ணீர், சுத்தம் செய்ய ஹெப்பா வடிகட்டி (மிக நுண்ணிய தூசியையும் பிடிப்பது) உள்ள வேக்குவம். கம்ப்ரஸர் காற்றால் உடம்பையும் மேசையையும் ஊதிவிடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பொருளோடு வரும் பாதுகாப்புத் தாளை அவன் பார்க்க வேண்டும், தமிழில் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் துணியோடு துவைக்க வேண்டாம். கேட்டும் எதுவும் நடக்கவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை நுரையீரல் பரிசோதனை செய்யுங்கள், போகும்போது என்ன பொருளோடு வேலை செய்கிறான் என்பதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.