வாசகர் கேள்வி: ஜனாதிபதி வேட்பாளரை எதை வைத்து எடை போடுவது?

கேள்வி: ஐயா, ஜனாதிபதி தேர்தல் வந்தாலே வேட்பாளர் என்ன படித்திருக்கிறார், எந்தச் சமூகம், எவ்வளவு எளிமை என்றுதான் பேச்சு ஓடுகிறது. உண்மையில் அந்தப் பதவிக்கு என்னதான் தகுதி?

பதில்: சட்டம் கேட்பது ரொம்பக் கொஞ்சம். அரசியல் சாசனத்தின் 58-வது பிரிவுப்படி இந்தியக் குடிமகனாக இருக்கணும், 35 வயது நிறைந்திருக்கணும், மக்களவைக்குப் போட்டியிடும் தகுதி வேணும், அரசில் ஆதாயம் தரும் பதவி எதிலும் இருக்கக்கூடாது. படிப்பைப் பற்றி ஒரு வரி கிடையாது. அப்புறம், ஓட்டுரிமை உள்ள எம்.பி., எம்.எல்.ஏ.க்களில் 50 பேர் முன்மொழிந்து வேறு 50 பேர் வழிமொழியணும், 15,000 ரூபாய் டெபாசிட் கட்டணும். 1967-ல் இத்தனை கெடுபிடி இல்லை, 17 பேர் போட்டியிட்டார்கள், அதில் 9 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அந்த மாதிரிக் கூட்டத்தைக் குறைக்கத்தான் முன்மொழிகிற விதியெல்லாம் பின்னால் வந்தது. நிற்கிறவர் நல்லவரா, தேறுவாரா என்று அது சொல்லாது.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. தன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் ஒரு காகிதத்தை நீட்டும்போது, கையெழுத்துக்கு முன்னால் கேள்வி கேட்பாரா? 1975 ஜூன் 25 இரவு நடந்ததை நினைத்துப் பாருங்கள். அன்றைய ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது கேம்பிரிட்ஜில் படித்த வழக்கறிஞர், பல வருஷம் மத்திய அமைச்சராக இருந்தவர், தகுதிப் பட்டியலில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. அமைச்சரவை கூடாமலே பிரதமரிடமிருந்து வந்த எமர்ஜென்சி பிரகடனத்தில் அன்றைக்கு ராத்திரியே கையெழுத்துப் போட்டுவிட்டார், அமைச்சரவை கூடியதே மறுநாள் காலை 6 மணிக்கு. "அமைச்சரவை முடிவு எங்கே?" என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்காமல் விட்டதைத்தான் பிறகு 44-வது திருத்தம் சட்டமாகவே எழுதி வைத்தது: அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் இனி எமர்ஜென்சி.

கேள்வி: அமைச்சரவை சொல்கிறபடிதான் ஜனாதிபதி நடக்க வேண்டும் என்று சாசனமே சொல்கிறதே. ரப்பர் ஸ்டாம்ப் பதவிக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு?

பதில்: கட்டுப்பட்டவர்தான், 1976-ல் 42-வது திருத்தம் அதைப் பச்சையாகவே எழுதியது. ஆனால் 1978-ல் வந்த அதே 44-வது திருத்தம், "மறுபடி யோசியுங்கள்" என்று ஒரு தடவை திருப்பி அனுப்பும் உரிமையையும் கொடுத்தது. ஒரே தடவைதானே என்று நினைக்காதீர்கள். 1997-ல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் ஆட்சியைக் கலைக்கச் சொல்லி குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது, அன்றைய ஜனாதிபதி கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை அதோடு விட்டுவிட்டது. அடுத்த வருஷம் பீகாரில் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைக்க வாஜ்பாய் அமைச்சரவை கேட்டது, அதையும் திருப்பி அனுப்பினார். இரண்டு வேறு வேறு கட்சிகளின் அரசு, இரண்டுக்கும் ஒரே அளவுகோல், எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இதனால்தான். 1999 பிப்ரவரியில் பீகார் விஷயம் மறுபடி வந்தபோது கையெழுத்துப் போட்டார், ஆனால் அந்தக் கலைப்புக்கு மாநிலங்களவையில் ஆதரவு கிடைக்காமல் அடுத்த மாதமே ராப்ரி ஆட்சி திரும்பி வந்தது.

யாருக்கும் பெரும்பான்மை இல்லாத நாடாளுமன்றம் அமைந்தால் யாரை முதலில் கூப்பிடுவது என்பதும் அவர் கையில்தான் இருக்கிறது. 1996-ல் சங்கர் தயாள் சர்மா தனிப்பெரும் கட்சி என்று வாஜ்பாயைக் கூப்பிட்டார், 13 நாளில் அரசு போனது. 1998-ல் நாராயணன் முதலில் ஆதரவுக் கடிதங்களைக் காட்டச் சொன்னார். எந்த அமைச்சரவையும் ஆலோசனை சொல்ல முடியாத நேரம் அது, அவரேதான் முடிவெடுக்கணும்.

கேள்வி: அப்படியானால் கலாம் மாதிரி கட்சிக்கு வெளியே இருந்து வருபவர்தானே சரி?

பதில்: கலாம் மேல் எனக்கும் பிரியம் உண்டு, ஆனால் கட்சிக்காரரா இல்லையா என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. 2005 மே மாதம் மாஸ்கோவில் இருந்தபடியே பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் உத்தரவில் அவர் கையெழுத்துப் போட்டார், அந்தக் கலைப்பு சாசனத்துக்கு விரோதம் என்று பிறகு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே கலாம்தான் 2006-ல் ஆதாயப் பதவி மசோதாவை நாடாளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார். நாராயணனோ காங்கிரஸ் எம்.பி.யாகவும் அமைச்சராகவும் இருந்தவர்.

கேள்வி: பதவிக்கு வந்த பிறகு செய்ததைச் சொல்கிறீர்கள். வருவதற்கு முன்னாலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முன்னால் இருந்த பதவிகளில் தேடணும். ஆளுநராக இருந்தவர் என்றால், மசோதாக்களை எத்தனை காலம் கிடப்பில் போட்டார், எந்தக் காரணம் சொல்லித் திருப்பினார், தொங்கு சட்டமன்றத்தில் யாரைக் கூப்பிட்டார் என்று பாருங்கள். சபாநாயகராக இருந்தவர் என்றால் கட்சித் தாவல் புகார்களில் சொந்தக் கட்சிக்காரர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்று பாருங்கள். 2022-ல் திரௌபதி முர்மு வேட்பாளரானபோது அவருடைய பின்னணி பற்றித்தான் எங்கும் பேச்சு. ஜார்க்கண்ட் ஆளுநராக அவர் 2017-ல் செய்ததை அவ்வளவாக யாரும் பேசவில்லை. பழங்குடியினரின் நிலத்தைப் பாதுகாக்கும் இரண்டு பழைய சட்டங்களில் திருத்தம் கொண்டுவந்த மசோதாக்களை அவர் திருப்பி அனுப்பினார், அப்போது அங்கே ஆண்டது அவர் சார்ந்திருந்த பா.ஜ.க.தான். ஒரு வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் விரும்புவது இந்த மாதிரித் தகவலைத்தான், அது நமக்குப் பிடித்த கட்சியின் வேட்பாளராக இருந்தாலும் சரி, பிடிக்காத கட்சியானாலும் சரி. எதிர்த்து நிற்பவரையும் இதே கேள்விகளால் அளந்து பாருங்கள்.

எந்தப் பதவியிலும் இருந்திராதவர் என்றால், பேட்டிகளில் நேராகக் கேட்கணும்: ஆட்சிக் கலைப்புப் பரிந்துரை வந்தால் என்ன ஆவணம் கேட்பீர்கள், கருணை மனுவை எத்தனை காலம் வைத்திருப்பீர்கள்? நழுவினால், அந்த நழுவலையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நமக்குத்தான் ஓட்டே இல்லையே?

பதில்: நம் எம்.எல்.ஏ.வுக்கு இருக்கிறது. 2022 தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176 (மாநில மக்கள்தொகையை வைத்துக் கணக்கிடுவது). ரகசிய வாக்கெடுப்பு, கொறடா உத்தரவும் போட முடியாது, அதனால் கட்சி சொன்னது என்று அவர் சொன்னால் அதை நாம் ஏற்க வேண்டியதில்லை. அடுத்த தடவை அவர் தொகுதிப் பக்கம் வரும்போது யாருக்கு, எதற்காகப் போட்டீர்கள் என்று கேளுங்கள்.