குடித்துவிட்டு கார் ஓட்டிப் பிடிபட்டால் பைலட் மெடிக்கல் போய்விடுமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். பிரைவேட் பைலட் லைசென்ஸும் மூன்றாம் வகுப்பு மெடிக்கலும் (பறக்க உடல்தகுதி உண்டு என்ற சான்றிதழ்) வைத்திருக்கிறேன். போன வாரம் குடித்துவிட்டு கார் ஓட்டியதாகக் கைது செய்துவிட்டார்கள். இதுவே முதல் முறை. கேஸ் தள்ளுபடி ஆகிவிடும் என்கிறார் வக்கீல். அப்படியானால் எஃப்ஏஏ-வுக்கு (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) சொல்லாமலே விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. உங்கள் நிலையில் நானும் இருந்தேன், அதே டெக்சாஸில். என் விமான லைசென்ஸ் தப்பியது இரண்டு கடிதங்களால். முதல் கடிதம் போய்ச் சேர்ந்தபோது கெடு முடிய மிச்சம் இருந்தது வெறும் 9 நாள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதை நான் நியாயப்படுத்த வரவில்லை. செய்தது தப்பு. அன்று யார் மேலாவது மோதியிருந்தால் இந்தப் பதிலை எழுதும் தகுதியே எனக்கு இருந்திருக்காது. வக்கீலும் இல்லை நான், பட்டுத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான்.

நண்பர் ஒருவர் வீட்டில் பிறந்தநாள். "இன்னொன்னு மச்சான், வீடு பத்து நிமிஷம்தானே" என்று ஊற்றிக்கொண்டே இருந்தார். குடித்தது நான், அவர் மேல் பழி இல்லை. ஆனாலும் நம் ஆட்களின் விருந்துகளில் யார் வண்டி ஓட்டப் போவது என்று முன்கூட்டியே யாரும் பேசுவதில்லை, வேண்டாம் என்பவனையும் விடுவதில்லை. இது எனக்கு இன்னமும் ஆறவில்லை. ஸ்டேஷனில் ஊதியபோது ஆல்கஹால் அளவு 0.16 வந்தது. சட்டத்தின் வரம்பு 0.08.

போலீஸ்காரர் என் டிரைவிங் லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கையில் கொடுத்தார். 40 நாளைக்கு அதுதான் லைசென்ஸ். 15 நாளுக்குள் விசாரணை கேட்காவிட்டால் அந்த 40 நாளுக்குப் பிறகு தானாகவே முடக்கம் என்றும் அதில் இருந்தது. நான் அதை மடித்து கார் டாஷ்போர்டில் போட்டுவிட்டேன். கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று வக்கீல் சொன்னார், நானும் நம்பினேன். கிரிமினல் கேஸில் அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் விமான விதிகள் அவருக்குத் தெரியாது. 41-வது நாளில் லைசென்ஸ் முடங்கியது. 90 நாளைக்கு.

உங்கள் கேள்விக்கான விஷயம் இங்கேதான் இருக்கிறது. எஃப்ஏஏ விதி 61.15 கோர்ட் தண்டனையை மட்டும் கேட்பதில்லை. குடித்து ஓட்டிய காரணத்துக்காக மாநிலம் உங்கள் டிரைவிங் லைசென்ஸை முடக்கினால் அதையும் 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கேஸ் பின்னால் தள்ளுபடி ஆனாலும் நடந்த முடக்கம் நடந்ததுதான். உங்கள் வக்கீல் சொல்வது போலவே கேஸ் ஒன்றுமில்லாமல் போகலாம், அப்போதும் இந்தக் கடிதம் பாக்கி இருக்கும்.

எனக்கு இது தெரிந்ததே தற்செயல். விமானத் திடலில், எனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர் செஸ்னா 172 விமானத்தின் இறக்கையருகே ஏணியில் ஏறி நின்று பெட்ரோல் அளவுக்குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்கு மேலாக ஏன் வரவில்லை என்று கேட்டார். சொன்னேன். குச்சியைக் கீழே வைத்துவிட்டு முதலில் கேட்டது: "ஓக்லஹோமாவுக்கு எழுதிவிட்டாயா?" எந்த ஓக்லஹோமா என்றே எனக்குப் புரியவில்லை. முடக்கம் தொடங்கி 49 நாள் ஆகியிருந்தது.

மறுநாளே அங்கிருக்கும் எஃப்ஏஏ அலுவலகத்துக்கு ரசீதோடு பதிவுத் தபாலில் அனுப்பி, 51-வது நாளில் சேர்ந்தது. கடிதத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. பெயர், முகவரி, பிறந்த தேதி, பைலட் சர்டிபிகேட் எண், என்ன குற்றம், எந்தத் தேதியில் நடவடிக்கை, எந்த மாநிலத்தில் பதிவு, முன்பு தெரிவித்த சம்பவத்தோடு இதற்குத் தொடர்பு உண்டா இல்லையா. ஒரு பக்கம் போதும். அதை எழுதாமல் விட்டிருந்தால் அதற்காகவே பைலட் லைசென்ஸை நிறுத்தவோ ரத்து செய்யவோ அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பிறகு கோர்ட்டில் தண்டனை வந்தபோது, அதே சம்பவம்தான் என்று குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் அனுப்பினேன்.

சரி, மெடிக்கல். இது தனிக் கணக்கு. அந்தக் கடிதம் போவது பாதுகாப்புப் பிரிவுக்கு, மெடிக்கல் பார்ப்பது வேறு பிரிவு. இரண்டும் ஓக்லஹோமா சிட்டியில்தான், ஆனால் ஒன்றிடம் சொன்னது இன்னொன்றிடம் சொன்னதாகாது. அடுத்த மெடிக்கல் விண்ணப்பத்தில் 18-வி என்ற கேள்வி வரும். அதில் தண்டனையை மட்டுமல்ல, கைதையும் கேட்பார்கள். 'ஆம்' என்றுதான் போட வேண்டும். "யாருக்குத் தெரியப்போகுது, இல்லைன்னு போடு" என்று எனக்கும் இரண்டு பேர் சொன்னார்கள். நீங்கள் போடும் கையெழுத்தே தேசிய ஓட்டுநர் பதிவேட்டைப் பார்க்க அவர்களுக்கு அனுமதி கொடுத்துவிடுகிறது. பொய் தெரிந்தால் மெடிக்கலோடு நிற்காது, பைலட் சர்டிபிகேட் மொத்தமும் போகும்.

அளவு 0.15-க்குக் கீழே, முதல் தடவை, வேறு குடிப்பழக்கச் சிக்கல் எதுவும் இல்லை என்றால், பேப்பர்களைப் பார்த்துவிட்டு மெடிக்கல் பரிசோதனை செய்யும் டாக்டரே அங்கேயே மெடிக்கல் கொடுக்க வாய்ப்பு உண்டு. 0.15 அல்லது அதற்கு மேல் என்றாலும், ஊத மறுத்திருந்தாலும் அவர் முடிவை எஃப்ஏஏ-வுக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். உங்கள் அளவு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு 0.16, தள்ளிவிட்டார். கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து முடித்து, "உடம்பில் ஒரு குறையும் இல்லை, ஆனால் இன்று என்னால் கையெழுத்துப் போட முடியாது" என்றார் அந்த வயதான டாக்டர்.

அப்புறம் 11 மாதம். போலீஸ் ரிப்போர்ட், கோர்ட் பேப்பர், ஓட்டுநர் பதிவு, குடிப்பழக்கத்தை மதிப்பிடும் நிபுணரின் அறிக்கை, எவ்வளவு எப்போதெல்லாம் குடிப்பேன் என்று என் கைப்பட எழுதிய வாக்குமூலம். ஹிம்ஸ் (குடிப்பழக்கச் சிக்கல் உள்ள பைலட்டுகளுக்கான திட்டம்) பயிற்சி பெற்ற டாக்டரிடம் போனேன், அதில் காசு நிறையப் போனது. அதே சமயத்தில் காரில் ஊதினால்தான் வண்டி கிளம்பும் கருவி. கரூரிலிருந்து அம்மா வந்திருந்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "என்னப்பா ஊதுற?" என்றார். இருந்ததைச் சொன்னேன். கோவில் போய்ச் சேரும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

சொந்தக்காரர்கள்தான் பேசினார்கள். "ஐடி வேலை பாக்குறவனுக்கு எதுக்குப் பிளேன்?" என்று. லட்சக்கணக்கில் கார் வாங்கும்போது யாரும் இப்படிக் கேட்பதில்லை. பதினொரு வருடம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்துப் பறந்து வாங்கிய லைசென்ஸ் அது. அதை யாருக்கும் விளக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், மன்னியுங்கள்.

கடைசியில் மெடிக்கல் வந்தது, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு. மூன்று வருடத்துக்குள் குடித்து ஓட்டியதற்காக இன்னொரு நடவடிக்கை வந்தால் அதுவே பைலட் லைசென்ஸை ரத்து செய்யப் போதுமான காரணம். நான் அதன் பிறகு குடிக்கவில்லை.

எச்1பி வேலை விசாவில் இருந்தால் குடியேற்ற (இமிகிரேஷன்) வக்கீலையும் பாருங்கள், இப்படிப்பட்ட கைதுக்காக விசாவை ரத்து செய்வது உண்டு. போன வாரம்தான் கைது என்கிறீர்கள், அப்படியானால் அந்த 15 நாள் இன்னும் தாண்டியிருக்காது. போலீஸ் கொடுத்த தாளைத் தேடி எடுங்கள், விசாரணை கேட்டாயிற்றா என்று வக்கீலுக்கு இன்றே போன் செய்யுங்கள்.