ஃபார்ஈச் லாம்டாவுக்குள் கூட்டினால் வரும் பிழை

வணக்கம். ஜாவாவில், வெளியே டோட்டல் என்று ஒரு இன்ட் (முழு எண் மாறி) வைத்து, லிஸ்ட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓடும் ஃபார்ஈச்சின் லாம்டாவுக்குள் (பெயரில்லாத சிறு செயல்பாடு) பில் தொகைகளை அதில் கூட்டினால், மாறி 'எஃபெக்டிவ்லி ஃபைனல்' ஆக, அதாவது ஒருமுறை மதிப்பு கொடுத்தபின் மாறாததாக, இருக்க வேண்டும் என்ற பிழை வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கில் தவறில்லை, ஜாவாவின் விதி அது.

மெத்தட் முடிந்ததும் அதன் உள்ளூர் மாறிகள் போய்விடும். லாம்டாவோ அதற்குப் பிறகும், வேறு த்ரெட்டில்கூட (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை வரிசை) ஓடலாம். அதனால் அது மாறியைப் பிடித்துவைப்பதில்லை, மதிப்பை மட்டும் நகலெடுக்கிறது. நகல் ஒன்று, மூலம் ஒன்று என்று ஆகிவிடக் கூடாது என்றுதான் கம்பைலர் மாற்றவே விடுவதில்லை. லாம்டாவை அனானிமஸ் கிளாஸுக்கு (அதே இடத்தில் எழுதும் பெயரில்லாத கிளாஸ்) மாற்றினாலும் இதே பிழைதான் வரும். ஜாவா 8-க்கு முன் அங்கே ஃபைனல் என்று நாமே எழுத வேண்டியிருந்தது.

சரி, தீர்வு: லிஸ்ட்டிலிருந்து ஸ்ட்ரீம் எடுத்து, மேப்டுஇன்ட் போட்டு ஒவ்வொரு பில்லின் தொகையையும் எடுத்து, கடைசியில் சம் என்று அழையுங்கள். டோட்டலுக்கு அந்த விடையை ஒரே முறை கொடுத்தால் போதும். சாதாரண ஃபார் லூப்பும் நல்ல வழிதான், தயங்காதீர்கள்.

டோட்டலுக்குப் பதில் ஓர் உறுப்புள்ள அரே வைத்து, லாம்டாவுக்குள் அந்த உறுப்பில் கூட்டி ஏமாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். கம்பைல் ஆகும். ஆனால் நாளைக்கு யாராவது அந்த ஃபார்ஈச்சைப் பல த்ரெட்டுகளில் ஒரே நேரத்தில் ஓடும் பேரலல் ஸ்ட்ரீமாக மாற்றினால், எந்தப் பிழையும் காட்டாமல் தொகை தப்பாக வரக்கூடும். பில் கணக்கில் அது வேண்டவே வேண்டாம்.