85 கிலோமீட்டர் மலைச்சுற்று: எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

கேள்வி: சமவெளிச் சாலையில் 60, 70 கிலோமீட்டர் சிரமமில்லாமல் சைக்கிள் ஓட்டுவேன். சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். இப்போது மலையும் ஆழமான மலையிடுக்கும் சேர்ந்த ஒரு சுற்றுப் பாதையைச் செயலியில் வரைந்திருக்கிறேன். மொத்தம் 85 கிலோமீட்டர், ஏற்றம் 1,500 மீட்டர் என்று காட்டுகிறது. மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். எந்தத் திசையில் சுற்றினால் நல்லது? என் சைக்கிளில் முன்னால் 50/34, பின்னால் 11-28 பற்கள். கியரை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் அந்த மூன்றரை மணி நேரக் கணக்கை அழித்துவிடுவோம். சமவெளியில் உங்கள் வேகத்தில் ஓட்டுகிறவர்கள் நீண்ட ஏற்றத்தில் மணிக்கு 500 மீட்டர் அளவுக்கு உயரம் ஏறுவார்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே இடைவிடாமல் 115 வாட் போல வேண்டும். டயர் உருளும் தடையையும் காற்றையும் சேர்த்தால் 130 ஆகும். அதை விட வேகமாக ஒரு மணி நேரம் ஏறிவிடலாம், மூன்று மணி நேரம் முடியாது. ஆக 1,500 மீட்டருக்கு மூன்று மணி நேரம். சராசரி 5 சதவீத ஏற்றம் என்றால் இதில் கடக்கும் தூரம் 30 கிலோமீட்டர்தான். இறக்கம் 30 கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம், மீதி 25 கிலோமீட்டர் சமதளத்துக்கு ஒரு மணி நேரம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஓட்டமே இருக்கிறது. தண்ணீர், சாப்பாடு, நின்று பார்ப்பது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கியர் விஷயத்திலும் இதே கணக்குதான் பேசுகிறது. 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 500 மீட்டர் ஏறுவது என்றால் சாலையில் உங்கள் வேகம் 6 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். முன்னால் 34, பின்னால் 28 பல் உள்ள கியரில் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 41 முறைதான் பெடல் சுற்றும். அது மிதிப்பது அல்ல, முழங்காலை வைத்து நெம்புவது. பின்னால் 34 பல் இருந்தால் 50 சுற்று கிடைக்கும். அதுவும் குறைவுதான், ஆனால் தாங்கும். ஆகவே மாற்றுங்கள். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின் டிரெய்லியர் 34 பல்லை ஏற்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செயினையும் நீளமானதாக மாற்ற வேண்டி வரலாம்.

இனி திசைக்கு வருவோம். சுற்றுப் பாதையில் எந்தப் பக்கம் போனாலும் மொத்த ஏற்றம் ஒன்றுதான். அதனால் பலரும் இதை யோசிப்பதே இல்லை. ஆனால் நாள் நன்றாக அமைவதும் கெடுவதும் இங்கேதான். என் பதில் ஒரே வரி: அழகான பகுதியை ஏற்றமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது வேகம் 10, 15 கிலோமீட்டர். தலையை நிமிர்த்திப் பாறைச் சுவரைப் பார்க்கலாம், கீழே ஆற்றின் சத்தத்தைக் கேட்கலாம், நினைத்த இடத்தில் காலை ஊன்றலாம். அதே சாலையில் 45 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், அடுத்த வளைவையும் சரளைக் கற்களையும் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது. எவ்வளவோ ஆசைப்பட்டு வந்த இடம் பத்து நிமிடத்தில் கண்ணில் படாமலே கடந்துபோய்விடும்.

ஆற்றை ஒட்டிய மலையிடுக்குச் சாலைகள் பெரும்பாலும் ஆற்றைப் போலவே மெதுவாகத்தான் உயரும். அதனால் அதையே முதல் ஏற்றமாக வையுங்கள். கால்கள் சூடேற இதமான வழி. அதற்கப்புறம் கணவாய் ஏற்றம். இறக்கத்துக்கு அகலமான, வளைவுகளுக்கு அப்பால் தெளிவாகத் தெரிகிற, நல்ல தார் போட்ட சாலையை ஒதுக்குங்கள். குறுகலான, நிழலில் ஈரம் காயாத சாலையில் இறங்கும்படி பாதை அமைந்தால், காட்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் திசையைத் திருப்பிவிடுவேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

காற்றும் இதற்கு ஒத்துழைக்கும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் வெயில் ஏற ஏற மலைச்சரிவுகள் சூடாகி, காற்று பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மேல்நோக்கி வீசத் தொடங்கும். பிற்பகலில்தான் அது பலமாக இருக்கும். இரவில் இது தலைகீழாகி, குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும். காலையில் இரண்டுக்கும் இடையே ஓர் அமைதியான நேரம் உண்டு. அப்போது மலையிடுக்குக்குள் இருப்பது நல்லது. வெளிச்சம் மட்டும் ஒத்துவராது. ஆழமான இடுக்கின் அடிவரை வெயில் இறங்க நண்பகல் ஆகிவிடும். வடக்கு தெற்காகப் போகும் இடுக்கு என்றால் காலையில் மேற்குச் சுவர் மட்டும் பளிச்சென்று இருக்கும். எனக்கு அந்தப் பாதி நிழலே பிடிக்கும், முழு வெயிலில் பாறையின் மடிப்புகள் தட்டையாகிவிடுகின்றன.

அடுத்தது, வண்டிகள் எந்தப் பக்கம் ஓடும் ஊர் என்பது. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றினால், திருப்பங்கள் பெரும்பாலும் இடப்பக்கமே வரும். எதிர் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்காது. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலஞ்சுழி. மலையிடுக்கில் உங்கள் தடம் பள்ளத்தின் பக்கம் இருந்தால் காட்சி மறைக்காமல் கிடைக்கும். பாறைச் சுவரின் பக்கம் இருந்தால் உதிர்ந்த கற்கள் உங்கள் சக்கரத்துக்கு அடியில்தான் கிடக்கும். மழைக்கு மறுநாள் இந்தக் கற்கள் அதிகம். ஒரு சாலை ஒருவழியாகவும் இருக்கலாம். பிரான்ஸில் வெர்தோன் மலையிடுக்கின் விளிம்பில் போகும் 'ரூட் தெ க்ரெத்' சுற்றில் ஒரு பகுதி ஒருவழிதான். அங்கே திசையை நீங்கள் முடிவு செய்ய முடியாது. வழி முட்டும் சாலைகளும் உண்டு. மயோர்க்கா தீவின் சா கலோப்ரா சாலை கடற்கரையில் போய் நின்றுவிடும். ஒன்பதரை கிலோமீட்டர் இறங்கிவிட்டு அதே சாலையில் சராசரி 7 சதவீதம் ஏறித்தான் திரும்ப வேண்டும். இப்படி ஒரு கிளை உங்கள் பாதையில் இருந்தால் அதன் ஏற்றத்தையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

நீங்கள் சொன்ன 1,500 மீட்டரை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். பல செயலிகள் உயரத்தைச் செயற்கைக்கோள், விண்கலத் தரவுகளிலிருந்து எடுக்கின்றன. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் அளந்த தரவு அதில் ஒன்று. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. சமவெளிக்கு இது தாராளம். பாறையைக் குடைந்த சாலையிலோ, பத்து மீட்டர் தள்ளியிருக்கும் செங்குத்துச் சுவரின் உயரத்தைச் சாலையின் உயரமாக எடுத்துக்கொள்ளும். சுரங்கப்பாதை என்றால் அதன் தலைக்கு மேலுள்ள மலையையே ஏறச் சொல்லும். பாலத்தில் ஆற்றுக்குள் இறக்கிவிடும். உயர வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆற்றோடு ஒட்டிப் போகும் சாலையில் திடீரென்று 200 மீட்டருக்கு 20 சதவீதம் என்று ஓர் ஊசிமுனை தெரிந்தால் அது பெரும்பாலும் பொய். ரைட் வித் ஜிபிஎஸ், கொமூட் என்ற பாதை வரையும் செயலிகள் இரண்டிலும் அதே பாதையை வரைந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இடங்கள்தான். ஓட்டங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியின் 'வெப்ப வரைபடத்தில்' (ஹீட்மேப்) மற்றவர்கள் ஓட்டிய தடம் அடர்த்தியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வரைபடத்தில் சாலையாகத் தெரிவது நேரில் ஜல்லிப் பாதையாக இருப்பதை இது காட்டிக்கொடுக்கும்.

சுரங்கப்பாதை இருந்தால் பகலிலும் முன், பின் விளக்கு கட்டாயம். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் சில நொடிகள் கண் எதையும் காட்டாது. குளிர்க் கண்ணாடியை நுழையும் முன்பே கழற்றுங்கள்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கும்போது அது இன்னும் அதிகமாக உறைக்கும், விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் ஒன்று முதுகுப் பையில் இருக்கட்டும். இறங்கும்போது பிரேக்கை இழுத்தபடியே வராதீர்கள். நேர்சாலையில் விட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வளைவுக்குள் விடுங்கள். தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் கணக்கிட்டு, மலையிடுக்கில் நுழையும் முன்பே இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மலையிடுக்கை முதல் ஏற்றமாக வைக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே குறுக்கு வழி இருக்காது, செல்பேசிச் சிக்னலும் கிடைக்காமல் போகலாம். ஆனால் கணவாயின் அடிவாரம் வரை போய்விட்டு உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று தெரிந்தால், வந்த வழி முழுவதும் இறக்கம். அடிவாரத்தை எத்தனை மணிக்கு எட்ட வேண்டும் என்று முந்தின இரவே ஒரு தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டுங்கள். அதைவிட ஒரு மணி நேரம் பிந்திவிட்டால் கணவாயை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொண்டு, வந்த சாலையிலேயே மெதுவாக இறங்குங்கள்.