நகையை அடகு வைக்க வேண்டாம், தங்கச்சி
வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே தொழிலைப் பற்றிக் கேட்கின்றன: செயற்றிட்ட முகாமையாளர், அதாவது புரொஜெக்ட் மனேஜர். 2005இல் சுனாமி வீடமைப்பு வேலைக்குக் கள உத்தியோகத்தராகக் குச்சவெளிப் பக்கம் போன நாளிலிருந்து நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் இந்த மூவருக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நான் மூதூரைச் சேர்ந்தவள், வயது 26. திருகோணமலை வளாகத்தில் முகாமைத்துவம் படித்தேன். ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு வருடமாகக் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். கூட்டங்களில் குறிப்பெடுக்கவும் தேநீர் கொடுக்கவும் மட்டும்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். "ஒரே மாதத்தில் பி.எம்.பி., உடனே மனேஜர்" என்று முகநூலில் ஒரு விளம்பரம் பார்த்தேன். கட்டணம் ஒரு லட்சத்து எண்பதாயிரம். அம்மா நகையை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். சேரலாமா அக்கா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. நகை அம்மாவிடமே இருக்கட்டும்.

பி.எம்.பி. என்பது அமெரிக்காவில் உள்ள புரொஜெக்ட் மனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் நடத்தும் பரீட்சை. அதற்கு விண்ணப்பிப்பதற்கே, பட்டதாரி ஒருவர் 36 மாதங்கள் செயற்றிட்டங்களை நடத்திய அனுபவத்தைக் காட்ட வேண்டும். 35 மணிநேரப் பயிற்சியும் வேண்டும். அந்த ஒரு மாத வகுப்பு உங்களுக்கு 35 மணிநேரத்தைத் தரலாம். 36 மாதத்தைத் தர அவர்களால் முடியாது. பரீட்சைக் கட்டணம் தனி, அதுவும் டொலரில். சித்தியடைந்த பிறகும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, கற்றலுக்கான 60 புள்ளிகளைச் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லாமல் மூதூர்ப் பிள்ளைகளிடம் பணம் வாங்குகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

அனுபவம் என்று அவர்கள் கேட்பது பதவிப் பெயரை அல்ல. ஒரு வேலையைத் தொடங்கி, ஆட்களையும் காசையும் நாட்களையும் பொறுப்பெடுத்து, முடித்து ஒப்படைத்தீர்களா என்பதுதான் கேள்வி. கள உத்தியோகத்தராக இருந்துகொண்டே அதைச் செய்யலாம். உங்கள் திட்டத்தில் ஒரு சின்னப் பகுதியை முழுதாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டுத்தோட்டப் பகுதியோ, ஒரு பாலர் பாடசாலையின் தண்ணீர்த் தாங்கியோ, எதுவென்றாலும் பரவாயில்லை. கொட்டேஷன் எடுப்பதிலிருந்து கடைசி வவுச்சர் வரை அது உங்கள் கையில் இருக்க வேண்டும். "உதவி செய்கிறேன்" என்று கேட்காதீர்கள். "இதை என் பொறுப்பில் விடுங்கள், வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பக்க அறிக்கை தருகிறேன்" என்று கேளுங்கள். அந்த அறிக்கைகளைப் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது அவைதான் கைகொடுக்கும்.

குறிப்பெடுக்க மட்டும்தான் விடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலையை விட்டுவிடாதீர்கள். கூட்டத்தில் பத்துப் பேர் பத்து விதமாகப் பேசிவிட்டுப் போவார்கள். என்ன முடிவானது, யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்று மூன்றே பத்தி போட்டு, அன்று மாலையே எல்லோருக்கும் அனுப்புங்கள். அடுத்த கூட்டம் அந்தத் தாளை வைத்துத்தான் தொடங்கும். இரண்டு மூன்று மாதத்தில், "அந்த வேலை எந்த அளவில் நிற்கிறது?" என்று உங்களைத்தான் கேட்பார்கள். நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டம் சிங்களத்தில் போகும், பயனாளிகள் தமிழில் பேசுவார்கள், நன்கொடையாளருக்கு அறிக்கை ஆங்கிலத்தில் போக வேண்டும். மூன்றிலும் பிழையில்லாமல் ஒரு குறிப்பு எழுதத் தெரிந்தவருக்கு இங்கே வேலை தேடி வரும். கையில் இருக்கும் காசில் ஏதாவது படிக்க வேண்டுமென்றால் முதலில் சிங்களம் படியுங்கள். தேநீரைப் பொறுத்தவரை, அதற்கு முறை வைக்கச் சொல்லுங்கள். ஆண்களும் ஊற்றட்டும்.

மூதூரில் பிறந்தது உங்களுக்கு ஒரு பலம். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறந்தது. அதற்கு முன் நகரிலிருந்து அந்தப் பக்கம் சீமெந்து ஏற்றிப்போன லொறிகள் படகுப் பாதைக்காகக் காத்துக் கிடக்கும். கொழும்பிலிருந்து வந்த வேலை அட்டவணைகளில் அந்தக் காத்திருப்புக்கு இடமே இருக்காது. அதைக் கவனித்துச் சொன்னவர்கள் ஊர் தெரிந்த கள உத்தியோகத்தர்கள். எந்த ஒழுங்கை எப்போது வெள்ளத்தில் மூழ்கும், அறுவடைக் காலத்தில் கூலிக்கு ஆள் கிடைக்குமா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றை அட்டவணையில் ஒரு வரியாக்கப் பழகுங்கள்.

சான்றிதழ் வேண்டுமென்றால் படிப்படியாகப் போகலாம். தொண்டு நிறுவன வேலைக்கென்றே புரொஜெக்ட் டிப்ரோ என்று ஒன்று இருக்கிறது. அதன் வழிகாட்டி நூலை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதலில் அதை வாசியுங்கள். பி.எம்.பி. நடத்தும் அதே நிறுவனத்தின் கேப்எம் பரீட்சைக்கு வேலை அனுபவம் தேவையில்லை, 23 மணிநேரப் பயிற்சி போதும். பி.எம்.பி.யை மூன்று வருடம் கழித்து யோசிக்கலாம். அப்போது உங்கள் நிறுவனமே கட்டணத்தைக் கட்டவும் கூடும், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கட்டாரில் 11 வருடம் சைட் சூப்பர்வைசராக இருந்துவிட்டுக் கிண்ணியாவுக்குத் திரும்பிவிட்டேன். வயது 41. ஏ.எல். வரைதான் படிப்பு. பட்டம் இல்லாமல் புரொஜெக்ட் மனேஜர் ஆக முடியுமா?

பதில்: முடியும் தம்பி. இந்த மூன்று கடிதங்களில் அந்த வேலைக்கு மிக அருகில் நிற்பவர் நீங்கள்தான்.

பி.எம்.பி.க்குக்கூடப் பட்டம் கட்டாயமில்லை. உயர்தரம் வரை படித்தவர் 36க்குப் பதிலாக 60 மாத அனுபவம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நம் நாட்டிலும் முன்னர் கற்றதை மதிப்பிட்டு என்.வி.கியூ., அதாவது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. உங்கள் கைத்திறனுக்கு முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம், இந்த வாரமே செய்யுங்கள். கட்டாரில் உங்கள் மேல் இருந்த இன்ஜினியர்மாருக்கு வட்ஸ்அப்பில் எழுதி, எந்தக் கட்டடம், எத்தனை ஆட்கள், எவ்வளவு காலம் என்று விபரமாகக் கடிதம் வாங்குங்கள். அவர்கள் கம்பனி மாறிவிட்டால் அதற்குப் பிறகு ஆளைப் பிடிப்பது பெரும்பாடு.

கொங்கிறீட் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. உங்களுக்குக் குறை இருக்குமென்றால் அது கடதாசி வேலையில்தான் இருக்கும். வேலையின் அளவையும் விலையையும் பட்டியலிடும் பி.ஓ.கியூ.வை வரி வரியாக வாசிப்பது, பில் போடுவது, வேலை மாறினால் அதை எழுத்தில் வாங்குவது, காலநீடிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுவது எல்லாம் அதில் அடங்கும். சைட்டில் "சரி பாஸ், செய்யுங்க" என்று வாயால் சொன்ன மேலதிக வேலைக்குக் காசு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில், அதாவது சீடாவில், பதிந்த ஒரு சின்ன ஒப்பந்தகாரரிடம் ஒரு வருடம் சேருங்கள். சம்பளம் கட்டார் மாதிரி இராது. ஆனால் முற்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் கொடுப்பதிலிருந்து வேலையில் குறை வந்தால் திருத்துவதற்கென்று பில்லில் தடுத்துவைத்த பணத்தைக் கடைசியில் மீட்பது வரை ஒரு முழுச் சுற்றைப் பார்த்துவிடுவீர்கள். பெரிய கம்பனியில் அதில் ஒரு துண்டுதான் கண்ணில் படும்.

கட்டாரில் நீங்கள் வெயிலுக்குத் திட்டம் போட்டிருப்பீர்கள். இங்கே மழைக்குப் போட வேண்டும். நம் ஊரில் நவம்பர், டிசம்பர்தான் கன மழை. அரசாங்கத்தின் நிதியாண்டும் டிசம்பர் 31இல் முடிகிறது. ஒதுக்கிய பணத்தை அதற்குள் செலவு செய்யாவிட்டால் திரும்பிப் போய்விடும். அனுமதி பிந்தி, கேள்வி மனு (டெண்டர்) பிந்தி, வேலை கைக்கு வரும்போது செப்டம்பர் ஆகிவிட்டால், மாரியும் கணக்கு முடிப்பும் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடிக்கும். தம்பலகாமம், வெருகல் பக்கம் அந்த நேரத்தில் அத்திவாரம் வெட்டினால் குழிக்குள் தண்ணீர்தான் நிற்கும்.

ஆகவே முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் கூரை ஏற வேண்டும். அதற்கு முன் பீம், அதற்கு முன் தூண், அதற்கும் முன் அத்திவாரம். கொங்கிறீட்டுக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும், அதன் உறுதியைப் பார்க்கும் கியூப் சோதனையின் கடைசி முடிவு 28ஆம் நாளில்தான் வரும். இந்த நாட்களை யாராலும் சுருக்க முடியாது. சுருக்கக்கூடியது அதற்கு முந்திய அலுவலக வேலை மட்டும்தான். கந்தோர் கந்தோராக ஏறி ஒரு கையெழுத்தை இரண்டு வாரம் முன்னதாக வாங்குகிறவர், சைட்டில் இரவு பகலாக நிற்கிறவரைவிட வேலையை முன்னே தள்ளுகிறார். நான் வேலை செய்த நல்ல முகாமையாளர்கள் எல்லோரும் ஜனவரி, பெப்ரவரியில்தான் அதிகம் அலைந்தார்கள்.

விலையும் அப்படித்தான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியபோது, பழைய விலையில் ஒப்பந்தம் போட்டவர்கள் கம்பி வாங்க முடியாமல் நின்றார்கள். விலையேற்றம் பற்றிய பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் தேடிப் பாருங்கள்.

கேள்வி: உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். மகன் ஏ.எல். எழுதிவிட்டான். நேரடியாகச் செயற்றிட்ட முகாமைத்துவத்திலேயே பட்டம் படிக்கப் போகிறேன் என்கிறான். தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் கட்டணம் கட்டச் சொல்கிறான். கட்டலாமா?

பதில்: கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் அக்கா. இந்த வேலைக்கு உள்ளே போக முதலில் வேறொரு வேலை தெரிந்திருக்க வேண்டும். கட்டடமோ, கணக்கோ, கணினியோ, விவசாயமோ, மகனுக்குப் பிடித்த ஒன்றை முதலில் படிக்கட்டும். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டாலும் திருகோணமலையிலேயே உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. முகாமைத்துவத்தை அதன் மேல் இரண்டாவதாகப் படிக்கலாம், அப்போது அவனுக்குச் சம்பளமும் வந்திருக்கும்.

அந்தத் தனியார் நிறுவனத்தைப் பற்றி: பட்டத்தை உண்மையில் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத்தில் கேளுங்கள். அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று ஆணைக்குழுவிடமே விசாரியுங்கள். பதில் வரும்வரை முற்பணம்கூடக் கட்ட வேண்டாம்.