அவதார் தொடரில் வரும் அசூலாவின் குடும்பப் பின்னணி என்ன?

2005 முதல் 2008 வரை வந்த 'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரின் அசூலாவைத்தானே கேட்கிறீர்கள்? அப்பா நெருப்பு நாட்டு அரசர் ஓசாய், அம்மா ஊர்சா, அண்ணன் சூக்கோ. தாத்தா அசூலான் பெயரைத்தான் இவளுக்கு வைத்தார்கள். அப்பா வழியில் கொள்ளுத்தாத்தா சோசின், மற்ற நாடுகள் மேல் நெருப்பு நாடு தொடுத்த போரை ஆரம்பித்தவரே அவர்தான். ஆனால் அம்மா வழிக் கொள்ளுத்தாத்தா யார் தெரியுமா, அந்தச் சோசின் சாகவிட்டுப் போன அவதார் ரோக்கு! (நீர், நிலம், நெருப்பு, காற்று நான்கையும் ஆளும் சக்தி உள்ளவரைத்தான் 'அவதார்' என்பார்கள்.)

சின்ன வயதில் பெரியப்பா ஐரோ போர்முனையிலிருந்து சூக்கோவுக்கு ஒரு கத்தியும் இவளுக்கு ஒரு பொம்மையும் அனுப்புவார். பொம்மையைக் கையில் வாங்கியவள் அப்படியே எரித்துவிடுவாள். அப்புறம் ஐரோவின் மகன் போரில் இறந்ததும், அதையே சாக்காக வைத்து ஓசாய் ஐரோவுக்குரிய பட்டத்தைத் தனக்குக் கேட்கப்போக, கடுப்பான அசூலான் 'தலைப்பிள்ளையை இழக்கும் வலி உனக்கும் தெரியட்டும்' என்று உத்தரவு போட, அதை ஒட்டுக்கேட்டவள் அண்ணனிடமே பாட்டாகப் பாடிச் சொல்கிறாள். சூக்கோவைக் காப்பாற்றத்தான் ஊர்சா அரண்மனையை விட்டே போனாள்.

அப்பா மெச்சியது இவள் திறமையை மட்டும்தான். அம்மாவே தன்னை அரக்கியாகத்தான் நினைத்தாள் என்று கடற்கரை எபிசோடில் சொல்வாள், 'அது சரிதான், ஆனாலும் வலித்தது' என்று. எனக்கு அந்த ஒரு வரி போதும்.